பேரம்பலம் அண்ணைக்கு ஒரு கோப்பை சுடுதண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை, சிட்னியின் மெரிலேண்ட்ஸ் பகுதியிலிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்," என்றார் அவருடைய மனைவி. பேரம்பலம் அண்ணையை அறிந்தவர்களுக்கு நான் என்ன ஆறுதல் சொல்வது? எனக்கே ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் வந்த காலத்தில் சிட்னியில் நம்மவர் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். அண்ணை மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தவர். தேத்தண்ணீரும் கோப்பியும் அவர்களுக்கு விலக்கு. இது தெரியாமல், அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்த அன்று என் மனைவி தேத்தண்ணீரை நீட்டினாள். அவர் மறுத்தார். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது.

"தேத்தண்ணி வேண்டாமெண்ட யாழ்ப்பாணத்தானை இப்பதான் பாக்கிறன்."

"கோவிக்காதேங்கோ பிள்ளை. சுடுதண்ணி தாங்கோ. பனங்கட்டி இருந்தா அதுவும்."

ஊரிலிருந்து வந்த பனங்கட்டியைக் கடித்துக் கடித்து, வெறும் சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார். அவள் சிரித்துவிட்டாள். அண்ணையின் அன்பில் இழுபட்டு, அடுத்த வருடம் சைவனான நானும் அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றேன்.

ஞாயிறு வகுப்பில் அண்ணை அடிக்கடி பேசியது அதிகம் அறியப்படாத ஒருவரைப் பற்றி. சபையின் ஆரம்ப நாட்களில் ஸ்தாபகருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்து, பிறகு பிணங்கிப் பிரிந்தவர் அவர். "போன மனிசனை ஏன் அண்ணை இழுக்கிறியள்?" என்று பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டேன்.

"பிரிஞ்சது உண்மை. அதுக்கு முந்திச் சோறு போட்டதும் உண்மைதானே? திண்ட சோத்தை இல்லையெண்டு சொல்லேலுமோ?"

பிறகு ஊரில் அப்பா இறந்தார். அவருக்குத் திவசம் செய்தபோது, என் மனம் சைவத்தை விட்டு நகரவே இல்லை என்று தெரிந்தது. சபைக்குப் போவதை நிறுத்தினேன். அண்ணையையும் இழந்துவிட்டேன் என்றே எண்ணினேன். அந்தத் துக்கம் அப்பாவின் துக்கத்தோடு சேர்ந்துகொண்டது.

மாதம் ஒருமுறை சபையார் வீடு தேடி வருவது வழக்கம். அந்த மாதம் கதவைத் திறந்தால் அண்ணை நிற்கிறார். என் நெற்றியில் திருநீறு.

"அண்ணை, நான் இனிச் சபைக்கு வரமாட்டன்."

"ஓம், தெரியும். அதுக்கு நான் இஞ்சை வாறதுக்கு என்ன?" என்று உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். எனக்குத் தேத்தண்ணீர், அவருக்குச் சுடுதண்ணீர். பனங்கட்டி இருவருக்கும் ஒன்றே. படுக்கையில் விழும்வரை ஒரு மாதமும் தவறவில்லை. மதம் என்ற பேச்சை என்னிடம் எடுக்கவுமில்லை. பெரிய மனிதர்!

அடக்க ஆராதனையில் நான் கடைசி வரிசையில் ஒதுங்கி இருந்தேன். அவருடைய மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "முன்னுக்கு வாங்கோ தம்பி. குடும்பத்தோட உங்களையும் இருத்தச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்." எல்லார் முன்னிலையிலும், திருநீற்றோடு, அவருடைய பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று என் மனைவி பழக்கதோஷத்தில் மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் வெறும் சுடுதண்ணீர். அதைக் கொட்டிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு நானே குடித்தேன்.