ஐந்தருவியில் கேட்ட குரல்

நான் சென்னையில் டப்பிங் பேசுகிறவள். சினிமாவை மட்டும் நம்பியிருந்தபோது மாதத்தில் நான்கு நாள் வேலை கிடைத்தால் பெரிது. ஓடிடி வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லை. தொண்டை கட்டிப்போய், "ஒரு வாரம் மைக் பக்கம் போகாதீங்க" என்று டாக்டர் சொன்னதால்தான் இந்த ஜூலையில் குற்றாலம் கிளம்பினேன்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் காலை ஏழரைக்குத் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆட்டோ என்றால் 200 ரூபாய். மெயின் அருவியில் பாதிப் பேர் குளிக்க, மீதிப் பேர் அதை ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெறுத்துப்போய் இன்னொரு ஆட்டோவில் ஐந்தருவிக்குப் போனேன். ஐந்து கிலோமீட்டர், 150 ரூபாய்.

"ஏம்மா, மங்குஸ்தான் பாக்கியா? கால் கிலோ போடட்டா?"

பழக்கடையிலிருந்து வந்த அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். படப்பிடிப்பில் பதிவான குரலை ஹெட்போனில் கேட்டபடியே அதன்மேல் பேசுவது எங்கள் வேலை. போன வருடம் ஒரு வெப் சீரிஸில், கணவனைப் பறிகொடுத்து அழும் பெண்ணுக்காக ஒன்றரை மணி நேரம் கேட்டது இதைத்தான். "இந்தம்மா தமிழ் வெளியூர்ல யாருக்கும் புரியாது. நெல்லை வாடை லேசா இருந்தா போதும்" என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

"அக்கா, நீங்க சீரிஸ்ல நடிச்சீங்கள்ல?"

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. முகம் மலர்ந்தது. "பாத்தியளா? இங்க பக்கத்துல வடகரை ஓடையோரம் வச்சு எடுத்தாவ. ஒரே டேக்கு. எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கு அழுதத அப்படியே அழுதேன்." பிறகு குரல் இறங்கியது. "சீரிஸு வந்தன்னைக்குத் தெருவே கூடி நின்னு பாத்துச்சு. வாய் என் வாயி, கொரல் எவளோடதோ. எங் கொழுந்தன் பொண்டாட்டி சிரிச்சுட்டா. படம் எடுத்தவங்ககிட்ட கேட்டதுக்கு, ஓடைத் தண்ணி சத்தத்துல எங் கொரல் விழலன்னுட்டாவ."

வாயை மூடிக்கொண்டு பழத்தை வாங்கிவந்திருக்கலாம். "அக்கா, அது என் குரல்தான்" என்று சொல்லிவிட்டேன்.

தராசைக் கீழே வைத்தார். "நீயா? யார நெனச்சு அழுத?"

"யாரையும் இல்லக்கா. நீங்க அழுததைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதே மாதிரி..."

"அப்போ எங் கொரல் நல்லாத்தான கேட்டிருக்கு. பொறவு எதுக்கு மாத்துனிய?"

பதில் எனக்குத் தெரியும். "தெரியலக்கா" என்றேன்.

தராசை எடுத்துப் பழத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். நான் குளிக்கவில்லை. அன்று மாலை ரயிலிலேயே ஊர் திரும்பினேன். அடுத்த வாரமே இன்னொரு சீரிஸுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். வீட்டு வாடகை என் குரலில்தான் நடக்கிறது. ஆனால் அவரிடம் சொன்ன பொய் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை சீசன். சனி, ஞாயிறைத் தவிர்த்துவிட்டு, காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். மழை வலுத்தால் குளிக்கத் தடை போடுவார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஐந்தருவிக்குப் போனால் அங்கே பழக்கடை வரிசையில் பழம் வாங்குங்கள், விற்கிறவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்த ஊரிலிருந்து போனாலும் சரி, அவர்கள் சொல்வது உங்களுக்குப் புரியும்.