ஷோகேஸில் நான்கு பேர்

எழுதும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. பத்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். ஸ்டூடியோ தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் துணிந்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேரன்மகாதேவியில் என் ஸ்டூடியோ. மாடியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. எதிர்ப் பரோட்டாக் கடையில் வேலை பார்க்கும் அசாம்காரர் தேபன் அதை வாடகைக்குக் கேட்டார். மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வர வேண்டும். கடைக்குப் பின்னால், அங்கேயே வேலை பார்க்கும் தன் ஊர்க்காரர்கள் மூவரோடு அவர் படுத்துக்கொள்ளும் இடத்தில் அவர்களை வைக்க முடியாது.

கட்டட உரிமையாளரிடம் அவருக்காக நான் போய்க் கேட்டேன்.

"சைனாக்காரன் கணக்கால்லா இருக்கானுவ! நாலு பயலும் ஒரே அச்சு. ஒருத்தன் களவாண்டா எவன்னு வே அடையாளம் சொல்லுவீரு?" என்றார்.

நால்வரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு, காலை நேரங்களில் கேமராவோடு அவர்கள் இருக்கும் இடங்களுக்குப் போனேன். ஃபிளாஷ் போடவில்லை. ஒருவர் படித்துறையில் துணி பிழிந்தார். ஒருவர் சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினார். தேபன், மைதா டின்மேல் போனைச் சாய்த்து வைத்து, அதில் தெரிந்த குழந்தைக்கு உள்ளங்கையளவு பரோட்டா ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிரிண்ட் போடும்போது எங்கள் தொழிலில் முகத்தை வெளுப்பாக்கிவிடுவோம். கலர் தூக்குவது என்போம். இந்தப் படங்களுக்குத் தூக்கவில்லை. ஷோகேஸில் இருந்த கல்யாண ஜோடிகளைக் கழற்றிவிட்டு நான்கையும் மாட்டினேன். ஷோகேஸில் படம் இருந்தால் எங்கள் ஊரில் யாரென்று விசாரிக்காமல் நகர மாட்டார்கள்.

"ஏலே, இவன் கண்ணாடி போடுவானா? தெனம் எனக்கு இவன்தாம்லே இலை போடுதான்!"

"ஒன் மூஞ்சிக்கு இவன் தேவல லே!"

சாயங்காலம் உரிமையாளர் வந்தார். தேபன் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"போன்ல யாரு வே?"

"அவரு மவ, அண்ணாச்சி."

"பல்லு மொளச்சிட்டா?"

"கேக்கலையே அண்ணாச்சி."

"அதக்கூடக் கேக்காம என்னத்தப் படம் எடுத்தீரு!"

ரோட்டைத் தாண்டி அவரே கேட்கப் போனார். கடையில் நால்வரும் இருந்தார்கள். நேராகத் தேபனிடம் போய் நின்றார்.

நான் கற்றது இதுதான். கூட்டமாக நிறுத்தி எடுக்காதீர்கள். ஒவ்வொருவராக, அவரவர் வேலையில் இருக்கும்போது எடுங்கள். வீட்டில் யார் யார் என்றும் கேளுங்கள்.

மறுநாள் காலை மாடி அறையைப் பெருக்க ஆள் வந்தது.