ராணி தபால்தலையில் ஒரு மஞ்சள் பொட்டு

2006-ம் வருஷம், அக்டோபர் முதல் வாரம். நாங்கள் அப்போது ஜெர்மனியில் வால்டோர்ஃபில் குடியிருந்தோம். உலகக் கோப்பைக் கால்பந்து முடிந்து மூன்று மாதம் ஆகியும் எதிர்வீட்டு பால்கனியில் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை. எனக்கு டிபென்டென்ட் விசா. அதாவது சமைப்பது, துவைப்பது, மகளைப் பள்ளியில் விடுவது, மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பது. அந்தக் கடைசி வேலை மட்டும் எனக்கு வராது. பிறந்ததிலிருந்து வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான்.

கீழ்த்தளத்தில் வீட்டு ஓனரும் அவர் மனைவியும். இருவருக்கும் எழுபதுக்கு மேல். அங்கே தாத்தா ‘ஓப்பா’, பாட்டி ‘ஓமா’. என் மகள் அப்படிக் கூப்பிட ஆரம்பிக்க, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஓமாவுக்கு ஞாபகம் சுத்தமாகப் போய்விட்டது. யார் ஊட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார். ஓப்பா கையில் ஸ்பூன் இருந்தால் மட்டும் குழந்தை மாதிரி வாயைத் திறப்பார். நானும் இரண்டு தரம் முயன்று தோற்றிருக்கிறேன்.

ஓப்பாவின் முதுகுவலியால் ஓமாவைத் தூக்கி உட்கார வைக்க முடியாமல் போக, இனி முதியோர் இல்லம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தெருவிலேயே ஓர் இல்லம் இருந்தது. அங்கே சேர்த்தால் மூன்று வேளையும் ஓப்பாவே நடந்துபோய் ஊட்டிவிட்டு வரலாம். ஆனால் செலவு அதிகம். அவருக்குக் கட்டுப்படியான இல்லமோ இரண்டு ரயில் மாறிப் போகிற தூரத்தில். தெருவில் இருந்த இல்லத்துக்காக அவர் நம்பியிருந்தது ஒரு தபால்தலையை.

அமெரிக்கத் தபால்தலை. கொலம்பஸ் அமெரிக்காவில் கால் வைத்து நானூறு வருஷம் ஆனதைக் கொண்டாட 1893-ல் வெளியிட்ட வரிசையில், ஒரு டாலர் தலை. கொலம்பஸின் பயணச் செலவுக்காக ஸ்பெயின் ராணி தன் நகைகளை அடகு வைக்கத் துணிகிற காட்சி அதில் இருக்கும். கதையைக் கேட்டதுமே ராணியை எனக்குப் பிடித்துவிட்டது. நம் வீட்டுப் பெண்களில் நகையைக் கழற்றிக் கொடுக்காதவர் யார்! ஓமாவின் அப்பா கல்யாணப் பரிசாகக் கொடுத்ததாம் அது. முத்திரை குத்தாதது, பின்பக்கப் பசைகூட அப்படியே இருக்கிறது என்று ஓப்பா பெருமையாகக் காட்டுவார். வாங்க ஆள் தயார். பரிசோதகர் சான்றிதழ் மட்டும் பாக்கி. அதற்கு அடுத்த வாரம் ‘டெர்மின்’, அதாவது அப்பாயின்ட்மென்ட், வாங்கியிருந்தார்.

இடையில் அவர் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து, சுவரை இடித்தார்கள். ஆல்பத்தில் தூசு படக்கூடாது என்று என்னிடம் கொடுத்து வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூஜை.

மகளின் நோட்டு, கணவரின் லேப்டாப், என் ஜெர்மன் அகராதி எல்லாவற்றையும் அடுக்கினேன். சந்தனம் தீர்ந்துபோயிருந்ததால் மஞ்சள்தூளைக் குழைத்துப் பொட்டு வைத்தேன். அப்போதுதான் ஆல்பத்தின் ஞாபகம் வந்தது. பாவம் ஓப்பா, நல்ல விலை கிடைக்கட்டுமே! குங்குமம் வைத்தால் சிவப்பு ஒட்டிக்கொள்ளும் என்று பெரிய புத்திசாலி மாதிரி மஞ்சளை மட்டும் தொட்டு, ராணிக்குக் கீழே தபால்தலையின் காகித ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். மகள் தொட்டுவிடுவாளே என்று ஆல்பத்தை மூடியும் வைத்தேன். ஈரம் காயவில்லை என்பது மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் காலை திறந்தால், ஐயோ முருகா! மஞ்சள் பரவி ராணியின் வெள்ளை ஓரத்தைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றினேன். கொஞ்சம் போயிற்று. அப்புறம் நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த வைத்தியம்: மஞ்சள் கறையா, வெயிலில் போடு. ஜன்னலோரம் இரண்டு நாள் வெயில் காட்டினேன். கறை போயே போய்விட்டது. தப்பித்தோமடா சாமி என்று ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கணவரிடம்கூட மூச்சுவிடவில்லை.

பரிசோதகரிடம் கணவர்தான் காரில் கூட்டிப்போனார். தனியாகப் போகப் பதற்றமாக இருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்று ஓப்பா என்னையும் அழைத்தார். பரிசோதகர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஓர் ஊதா விளக்கைப் போட்டார். ராணியின் காலடியிலிருந்து இடுப்புவரை பச்சை கலந்த மஞ்சளாகத் திட்டு ஒன்று பளிச்சென்று ஒளிர்ந்தது. வெயில் என் கண்ணிலிருந்துதான் கறையை எடுத்திருக்கிறது, தபால்தலையிலிருந்து எடுக்கவில்லை.

“கெராய்னிக்ட்” என்றார் அவர். ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று அர்த்தம். சலவைக் கடை போர்டில் தினமும் பார்க்கிற சொல்லின் உறவுதான். ஒரு நொடி, நல்ல வார்த்தைதானே என்று நான் நிம்மதிகூட அடைந்தேன். ஆனால் தபால்தலைக்காரர்களிடம் அது திட்டு. பழைய முத்திரையை ரசாயனத்தால் கழுவி, பின்னால் பசை தடவி, புதுசு என்று ஏமாற்றுவதற்குப் பெயராம்; கழுவிய தடம்தான் விளக்கில் ஒளிர்கிறது என்றார்.

“கறை என்றால் கறை. குறைந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. ஏமாற்று வேலைக்கு விலை கிடையாது” என்று சொல்லி, ஓப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

ஓப்பாவின் காது சிவந்தது. “இதைக் கொடுத்த என் மாமனார் அப்படிப்பட்டவர் இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சொல்ல வேண்டியிருந்தது ‘தஸ் வார் இஷ்’, அது நான்தான். மூன்றே வார்த்தை, என் அரைகுறை ஜெர்மனுக்கும் தெரிந்த வார்த்தை. தொண்டைவரை வந்தது. வீட்டைக் காலிசெய்யச் சொல்வாரோ, கணவர் என்ன சொல்வாரோ என்று பயந்து விழுங்கிவிட்டேன். வாயாடிக்கு அன்றைக்குத்தான் வாய் அடைத்தது.

திரும்பி வரும்போது காரில் ஓப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: “கல்யாணத்தன்றே மாமனார் என்னை ஏமாற்றியிருக்கிறார்.”

விலைபேசியவர் பின்வாங்கிவிட்டார். ஓமா தூரத்து இல்லத்துக்குப் போனார். ஓப்பாவால் வாரத்தில் மூன்று நாள்தான் போய்வர முடிந்தது. மற்ற நாட்களில் ஓமா நர்சுகளிடம் வாய் திறக்கவில்லை. அப்புறம் உணவு செலுத்தக் குழாய் வைத்தார்கள். பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு ஓர் இரவுகூட எனக்குத் தூக்கம் இல்லை. கணவரிடம் கொட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன காரியம் பண்ணிட்டே! இப்பவே போய்ச் சொல்லிடு. நானும் வரட்டுமா?”

“வேண்டாங்க. நான் பண்ணினது, நானே சொல்லிக்கிறேன்.”

மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஓப்பா வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு படம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. தன் மாமனார் படத்தை எப்போதோ கழற்றியிருக்கிறார். டப்பாவைத் திறந்து காட்டி, அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். ஒரு குறுக்குக் கேள்விகூட இல்லாமல் கேட்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: “பொட்டு வைத்தது எனக்காக. அது புரிகிறது. அந்த அறையில் வாயை மூடிக்கொண்டது யாருக்காக?”

அவர் எழுந்து அலமாரியிலிருந்து படத்தை எடுத்துத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் டப்பாவை மூடிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். நாங்கள் மியூனிக் மாறிப்போகும்வரை மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். முன்போல் என் மகளுக்கு சாக்லேட் வாங்கி வைப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

தப்பு செய்ததற்குக்கூட அவர் என்னை மன்னித்திருப்பார். ஆனால் இன்றும் சரஸ்வதி பூஜைக்கு மஞ்சள் குழைக்கும்போதெல்லாம், ஒரு மனைவியின் பட்டினியைத் தடுத்து, செத்துப்போன ஒரு நல்ல மனிதரின் பெயரையும் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த மூன்று வார்த்தை, நான் விழுங்கிய இடத்திலேயே நின்று தொண்டையை அடைக்கிறது.