முள்ளம்பன்றிக் கோப்பில் ஒரு வரி

மத்திய அரசின் வனவிலங்குத் துறையில், எங்கள் பிரிவில் யாரும் ஒரு குறிப்பைப் புதிதாக எழுதுவதில்லை. பழைய கோப்பிலிருந்து எடுத்து, மாநிலத்தின் பெயரையும் விலங்கின் பெயரையும் மாற்றுவோம். அதற்கு ‘முன்னுதாரணம்’ என்று மரியாதையான பெயர் உண்டு. டெல்லிக்கு வந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் காலம் தள்ளினேன்.

அன்று வந்தது முள்ளம்பன்றிக் கோப்பு. விற்பனைக்காக நட்ட மரங்களின் பட்டையை முள்ளம்பன்றிகள் கடித்து நாசமாக்குகின்றன, சுட அனுமதி வேண்டும் என்று ஒரு மலை மாநிலம் கேட்டிருந்தது. பழைய காட்டுப்பன்றிக் குறிப்பை எடுத்துப் பெயர்களை மாற்றினேன். வீட்டுக்குப் போக ஆர்.கே.புரம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். ‘மனித உயிருக்கும் ஆபத்து ஏற்பட்டுள்ளதால்’ என்ற வரியை நீக்க மறந்துவிட்டேன்.

மனுவில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. மேலே நான்கு அதிகாரிகள் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. கடைசி அதிகாரி, ‘வெறும் மரத்துக்காக என்றால் யோசிக்க வேண்டும். மனித உயிர் என்பதால் அனுமதிக்கலாம்’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோதுதான் என் தவறு எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை கணவரிடம் சொன்னேன்.

“ஆர்டர் போறதுக்குள்ள போய்ச் சொல்லிடேன்.”

“சொன்னா மெமோ வரும். புரமோஷன் லிஸ்ட் இந்த மாசம்தான்.”

“அச்சா, சரி,” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் போய்ச் சொல்லவில்லை; ஆணை போனது, புரமோஷனும் வந்தது. சில மாதங்களில் மாநிலத்தின் அறிக்கையும் புகைப்படங்களோடு வந்தது. செத்தவற்றை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு குட்டி, உள்ளங்கை அளவுதான். பின்னால் மரங்கள் பட்டை கெடாமல் நேராக நின்றன. ‘பார்த்தேன், கோப்பில் சேர்க்கலாம்’ என்று எழுதினேன். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

அந்த மரங்களை நம்பிக் கூலி வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வெறும் மரத்துக்காகச் சுடலாமா என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது. ஆனால் ஒருவர் அதை யோசிக்கத் தயாராக இருந்தார். யோசிக்க விடாமல் செய்தது நான்.

இந்த வாரம் வேறொரு மாநிலத்தின் மனு வந்திருக்கிறது. அங்கேயும் விற்பனை மரம், அங்கேயும் முள்ளம்பன்றி. முன்னுதாரணமாக எங்கள் ஆணையை இணைத்து, அதில் ஏறிவிட்ட என் வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார்கள். மாநிலத்தின் பெயரை மட்டும் மாற்றினால் என் வேலை முடிந்துவிடும். அந்த வரியை நீக்கினால், போன முறை ஏன் நீக்கவில்லை என்று நானே எழுதியாக வேண்டும். மூன்று நாளாகக் கோப்பைத் திறக்கிறேன், மூடுகிறேன்.