பூப் போட்ட வண்டி

ஜெயபுஷ்பத்தின் கண்ணுக்குத் தப்பிய குறை என்று ஆம்பூரில் ஒன்று இருந்ததில்லை. இதை அவள் பெருமையாகச் சொல்வாள். அவள் வீட்டுக்காரர் பெருமூச்சோடு சொல்வார். வீட்டுக்காரர் கிறிஸ்துராஜ் பள்ளிக்கூட வாத்தியார், பரம சாது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் காலர் கோணல், பித்தானில் நூல் தளர்ச்சி என்று ஏதாவது ஒரு புகார் பின்னாலேயே வரும்.

"இவ்ளோ பாக்கறியே, என்னைய மட்டும் எப்படி பாஸ் பண்ணே?" என்பார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி வெளிச்சம் கம்மி," என்பாள்.

குறை கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சம்பளம் தருகிற வேலை. நூர் பக்கிள் ஒர்க்ஸில் செக்கிங். ஆம்பூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தோல் ஷாப்பும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். அந்த ஊர் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் பக்கிள் எங்கிருந்து வருகிறது என்று ஒரு மகராசனும் கேட்டதில்லை. ரயில் பாதை ஓரத்துத் தகரக் கொட்டகையிலிருந்து வந்தது. ஜிங்க்கை உருக்கி, இரும்பு அச்சுக்குள் அழுத்தி, பக்கிளாக உதிர்ப்பார்கள். மெயில் வண்டி கடக்கும்போது மேஜைமேல் இருக்கிற பக்கிளெல்லாம் பொரி மாதிரி குதிக்கும். அந்தக் குதிக்கிற மேஜைக்குப் பின்னால்தான் ஜெயபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி இஷ்தியாக் அகமதுக்கு ஒரு பைத்தியம் உண்டு. மற்ற முதலாளிகள் கார் வாங்கினால், இவர் உள்ளங்கை அளவு பொம்மைக் கார் வாங்குவார். பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் சரக்கு விஷயமாகப் போகிற இடமெல்லாம் சீமைப் பொம்மைக் கார்களைத் தேடிப் பிடித்து, வீட்டில் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பார். "நெசக் காருக்கு வக்கில்ல, டிரைவர் இல்லாத காருக்கு அலமாரி வேற," என்று அவர் மனைவி ஹலீமா பீ தெரு கேட்கப் புலம்புவாள்.

எழுபத்தஞ்சில் ஒருநாள் அவர் அப்படி ஒரு காரைக் கொண்டுவந்து செக்கிங் மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"பாரும்மா ஜெயபுஷ்பம். இதுவும் ஜிங்க்கு, நம்ம பக்கிளும் ஜிங்க்கு. அவன் பண்றான், நாம பண்ணக் கூடாதா?"

அவள் காரைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தாள். "பண்ணலாம் பாய். ஆனா பின்னாடி கதவு ஒரு முடி அளவு எறங்கி இருக்கு. இந்தத் தப்பையும் சேத்து பண்ணிடாதீங்க," என்றாள். சீமைக்காரனையே விடாதவள் நம்மையா விடப் போகிறாள் என்று கொட்டகையே சிரித்தது.

அச்சு மெட்ராஸில் வெட்டி வந்தது. வண்டிக்கு 'ஆம்பூர் ராணி' என்று பேர் வைத்தார்கள். ஜெயபுஷ்பம் தன் சோதனைகளைத் தானே ஏற்படுத்திக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடி ஒன்றைச் சரிவாகச் சாய்த்து வைத்து மேலிருந்து வண்டியை விடுவாள். நேராக இறங்க வேண்டும். அப்புறம் ஓரங்களைத் தன் கீழுதட்டில் வைத்து மெள்ள இழுப்பாள். விரலுக்குத் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரியும். "புள்ளைங்க வாயிலதான வெக்கும்?" என்பாள்.

முதல் லாட் வந்தது. கண்ணாடியில் விட்டாள். வண்டி இடது பக்கம் ஒடித்துக்கொண்டு போயிற்று. இன்னொன்றை விட்டாள், அதுவும் இடது பக்கம். அச்சில் சக்கரக் கம்பி போகிற துளையே கோணல். பெயின்ட் அடிக்கிற இடத்துக்கே போக விடாமல் அவ்வளவையும் கழித்துக் கட்டினாள்.

"அக்கா, பொம்மைக்கு லைசென்ஸா எடுக்கப் போறோம்?" என்று உருக்குகிற உலையைப் பார்க்கிற வேலாயுதம் கெஞ்சினான். அவள் மசியவில்லை. மசியாததோடு விட்டாளா? ஒரு வண்டியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொல்றேன் பாய். இது காத்தாட்டம் இருக்கு. கையில வெச்சா கனம் தெரிய வேணாமா?"

அங்கே இருந்த எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. படாமல் என்ன செய்யும்? அது செருப்பின் அடித்தோலை எடை போட்டு விற்கிற ஊர். கனமிருந்தால் சரக்கு, இல்லாவிட்டால் சக்கை என்பது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். "சொல்றது கரெக்ட்," என்றார் இஷ்தியாக். அச்சைத் திருத்தி வருவதற்குள் வேலாயுதமும் வழி கண்டுபிடித்துவிட்டான். கழித்த வண்டிகளை உலையில் திரும்பப் போட்டபோது, பழைய ஈயக் குழாயும் பேட்டரித் தகடும் கொஞ்சம் சேர்த்து உருக்கினான். ஈயம் கனம், உருகின குழம்பும் நன்றாக ஓடியது. கழித்ததில் ஒன்றை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போய்த் தன் மகளுக்குக் கொடுத்தான். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

புது வண்டி வந்தது. கண்ணாடியில் நேராக இறங்கியது. உதட்டில் பட்டு மாதிரி வழுக்கியது. கையில் வைத்தால் கும்மென்று கனம். ஜெயபுஷ்பத்தின் முகம் மலர்ந்துபோயிற்று. "இப்பத்தான் வண்டி," என்றாள். தோலில் பூ வேலைப்பாடு அடிக்கிற சின்ன எஃகு முத்திரை ஒன்றைப் பக்கத்து பெல்ட் பட்டறையிலிருந்து வாங்கி வந்து, வண்டியின் அடிப்பக்கம் வைத்து ஒரு தட்டு தட்டினாள். நாலு இதழில் ஒரு பூ விழுந்தது. புஷ்பம் பாஸ் பண்ணியதற்கு அடையாளம்.

அந்த நாலைந்து வருஷத்தை இப்போது நினைத்தாலும் மனசுக்குள் ஒரு மணி அடிக்கிறது. கிளிப்பச்சை, ஆகாய நீலம், மாங்காய் மஞ்சள் என்று கலர் கலராக ராணிகள் வந்தன. வேலூர் கடைத்தெருவில், ஆற்காட்டில், மெட்ராஸில்கூட விற்றார்கள். எல்லாக் கலரும் சேர்க்கிறவர்கள் கிளம்பினார்கள். அதில் பாதிப் பேர் மீசை முளைத்தவர்கள். வேலூர் ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஊருக்குப் போகும்போது தம்பி தங்கைக்கு வாங்கிப் போனார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் சர்ச்சில் பரிசுப் பொட்டலத்துக்குள் ராணி இருக்கும். வாங்குகிறவன் முதலில் வண்டியைக் கவிழ்த்து, "பூ இருக்கா?" என்று பார்ப்பான். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒரு குழந்தை வண்டியைத் தலைகீழாகப் பிடித்து அவளிடமே பூவைக் காட்டும். பட்டுப்புடவை கட்டாமலே அவள் பட்டு கட்டினவள் மாதிரி வீட்டுக்கு நடப்பாள்.

எழுபத்தொன்பதில் பக்கிள் ஆர்டர் ஜாஸ்தியாயிற்று, அச்சும் தேய்ந்துவிட்டது, ராணி நின்றுபோயிற்று. வேலாயுதமும் உலைச் சூடு ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்டு விரிஞ்சிபுரம் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டான். முத்திரையை மட்டும் ஜெயபுஷ்பம் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.

எண்பத்து மூன்றில் ரம்ஜானுக்கு வீடு துடைக்கும்போது ஹலீமா பீ ஆளனுப்பினாள். போய்ப் பார்த்தால், கண்ணாடி அலமாரியில் சீமைக் கார்களெல்லாம் கல்லுக் குண்டாக நிற்கின்றன. ஆம்பூர் ராணி வரிசை மட்டும் வீங்கி, வெடித்து, நீர் வற்றிய ஏரி மாதிரி பாளம் பாளமாக நிற்கிறது. ஜெயபுஷ்பம் ஒன்றைத் தொட்டாள். கூரை ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

"யாரு கீழ போட்டது?"

"தொறந்தாத்தானம்மா போடறதுக்கு? சாவி அவர்கிட்டத்தான் இருக்கு," என்றாள் ஹலீமா பீ.

இஷ்தியாக் உதிரிகளைக் காகிதத்தில் மடித்து ராணிப்பேட்டையில் உலோகம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு வந்தார். ஜிங்க்கோடு ஈயம் கலக்கவே கூடாதாம். கலந்தால் வெளியே ஒன்றும் தெரியாதாம்; ஈரக் காற்றுப் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே மணி மணியாக அரித்துக்கொண்டு வந்து, வருஷங்கள் கழித்துத் தானாக உடையுமாம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொன்னவன் ஆம்பூர் ராணியைப் பார்த்ததில்லை.

"பேஜார் பண்ணிக்காதம்மா," என்றார் இஷ்தியாக். "கனம் வேணும்னு நெனச்சோம். அந்தக் கனந்தான் தின்னுடுச்சி."

நெனச்சோம் என்று அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னது பெரிய மனசு. ஆனால் கனம் கேட்டது யார் என்று ஜெயபுஷ்பத்துக்குத் தெரியும். அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ராணிகள் காத்தாட்டம் லேசாக, ஆனால் முழுசாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து, கோணல் காலரோடு நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்துராஜ் பயந்துபோனார்.

"எங்கியாவது ஒண்ணு முழுசா இருக்கும்," என்றாள் கடைசியில். "பூப் போட்டது ஒண்ணே ஒண்ணு. அத நான் பாக்கணும். இல்லன்னா நான் அத்தினி வருசம் பாத்ததெல்லாம் பொய்யா?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேடல் ஆரம்பமாகும். அவர் சைக்கிளை மிதிப்பார், அவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள், தூரமானால் பஸ். எந்த வீட்டில் ராணி இருந்தது என்று அவளுக்கு அத்துபடி. ஆற்காட்டில் ஒரு வீட்டில் மக்கன் பேடா கொடுத்து உபசரித்து, பஞ்சில் பொதிந்து வைத்திருந்த பெட்டியைத் திறந்தார்கள். பஞ்சு மட்டும் நன்றாக இருந்தது. ஆம்பூரிலேயே அக்தரி பேகம் என்ற ஒருத்தி வீட்டில் நீல ராணி இரண்டு துண்டு.

"எம் பொண்ணு ஒடைச்சிட்டான்னு அப்பவே நல்லா மொத்திட்டேன்," என்றாள் அக்தரி பேகம். "நான் ஒடைக்கல, ஒடைக்கலன்னு அழுதுச்சி. நான் நம்பல."

ஜெயபுஷ்பம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ ஒடைக்கல கண்ணு. வண்டியே அப்படி," என்று தாய்க்கு முன்னால் சொன்னாள். சைக்கிளில் திரும்பி வரும்போது முதுகுப்பக்கம் சட்டை நனைவது கிறிஸ்துராஜுக்குத் தெரிந்தது. வேர்வை இல்லை என்றும் தெரிந்தது.

கடைசியாகத்தான் வேலாயுதத்தின் ஞாபகம் வந்தது. பங்குனி வெயிலில் விரிஞ்சிபுரத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனார்கள். பாலாற்று மணலைப் பார்த்த மாதிரி வீடு. வேலாயுதம் இளைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஈயத்த போட்டது நாந்தானக்கா."

"கேட்டது நானு," என்றாள் ஜெயபுஷ்பம். "உங்கிட்ட பூப் போட்டது எதுனா இருக்கா?"

"பூப் போட்டது இல்ல. ஆனா அப்ப கழிச்சதுல ஒண்ணு..." என்று இழுத்தவன், உள்ளே பார்த்து, "சுந்தரி!" என்றான்.

மகள் சுந்தரி வந்தாள். வளர்ந்து, ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்க்கிறவள். மாடத்திலிருந்து ஒரு வண்டியை எடுத்து நீட்டினாள். பெயின்ட் இல்லை. கை பட்டுப் பட்டு வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. ஒரு கீறல் விரிசல் இல்லை. ஜெயபுஷ்பம் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். காத்தாட்டம் இருந்தது. கவிழ்த்துப் பார்த்தாள். பூ இல்லை.

சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து வண்டியை விட்டாள். அது பழையபடி இடது பக்கம் ஒடித்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"அப்படி வுடக் கூடாது அத்த," என்றாள் சுந்தரி. "கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கமா திருப்பி வெச்சி வுடணும். அப்பத்தான் நாம நெனச்ச எடத்துக்குப் போவும். சின்ன வயசுல ரெண்டே நாள்ல பழகிடுச்சி."

ஜெயபுஷ்பம் போய்ச் சுவரோரம் கிடந்த வண்டியை எடுத்து வந்தாள். பிறகு கைப்பையைத் துழாவி முத்திரையை எடுத்தாள். "இதுக்கு ஒரு பூப் போட்டுக் குடுக்கட்டுமா சுந்தரி? அன்னிக்கே போட்டிருக்கணும்," என்றாள்.

சுந்தரி சட்டென்று வண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேணாங்க அத்த. கோச்சிக்காதீங்க. பூப் போட்டதெல்லாம் ஒடைஞ்சி போச்சின்னு சொன்னீங்களே."

வேலாயுதம் பதறிப்போய் மகளை அதட்ட வாயெடுத்தான். அதற்குள் ஜெயபுஷ்பம் சிரித்துவிட்டாள். பல மாசமாகச் சிரிக்காத சிரிப்பு. கண்ணில் தண்ணீரோடு வந்தது. முத்திரையைப் பைக்குள் போட்டு மூடினாள். வண்டியை மறுபடி கேட்டு வாங்கி, கொஞ்சம் வலது பக்கமாகத் திருப்பி வைத்து விட்டாள். அது மெள்ள வளைந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்த கிறிஸ்துராஜின் காலடியில் போய் நின்றது.

அவர் குனிந்து எடுத்தார். காலர் அன்றைக்கும் கோணலாகத்தான் இருந்தது.

"இன்னா ஜெயபுஷ்பம், பாஸா, ரிஜக்ட்டா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள்.

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "பாஸ்."