நாலாம் நாள் காய்ச்சல்

டாக்டர் கலாதேவிக்கு முப்பத்தொன்பது வயது. மலேசியாவில் செமோர் பக்கத்து அரசாங்க கிளினிக் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை. அவருடைய பெற்றோர் பால்வெட்டிய ரப்பர் தோட்டம் இப்போது தாமான் என்னும் குடியிருப்பாகிவிட்டது. அங்கிருந்துதான் பாதி நோயாளிகள் வருகிறார்கள்.

சென்ற ஆண்டு கொசுக்கடியால் வரும் டிங்கிக் காய்ச்சலோடு வந்த ஒருவரை, காய்ச்சல் இறங்கியிருந்ததால் மறுநாள் வரச்சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கலாதேவி செய்தது முறைப்படி சரி என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் அவரை இன்னும் கலங்கடித்தது. எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவர் சாகலாம் என்றால், அடுத்த ஆளை எதை நம்பி வீட்டுக்கு அனுப்புவது?

அதற்குப் பிறகு சாதாரண இருமலுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதினார். வீட்டுக்குப் போனவர்களை மத்தியானத்தில் போனில் கூப்பிட்டார். யாராவது எடுக்காவிட்டால் எடுக்கும்வரை மறுபடி மறுபடி கூப்பிட்டார். நாளடைவில், அறைக்கதவு திறக்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. உடம்பு முடியாமல் வருகிறவர்மேல் எரிச்சல் வருகிறதே என்று தன்னைக் கண்டே பயந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மங்களம் வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், ஐம்பத்திரண்டு வயது. டிங்கி, நாலாம் நாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. அது குணமாவதாகவும் இருக்கலாம், ஆபத்தான கட்டத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். கலாதேவி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு இரத்த அணுக்களின் கணக்கைச் சொன்னார். வாட்டில் சேர்க்கும் அளவுக்கு இல்லை, காலையில் மறுபடி பாருங்கள் என்றார்கள்.

"காய்ச்சல் விட்டுருச்சு. இனி பயமில்லைதானே டாக்டர்?"

ஆமாம் என்றுதான் கலாதேவிக்கு வாய்வரை வந்தது. பக்கத்து அறை டாக்டர் ரூபன் எப்போதும் அப்படித்தான் சொல்வார்; நோயாளிகளும் தெம்பாகப் போவார்கள்.

"உறுதியா தெரியலக்கா."

மங்களத்தின் முகம் இறுகியது. "டாக்டருக்கே தெரியலன்னா நான் யார்கிட்ட போயி கேக்குறது?"

"எதைப் பாக்கணும்னு சொல்றேன். வயித்து வலி, விடாத வாந்தி, பல்லுல ரத்தம், எந்திரிக்க முடியாத களைப்பு. இதுல ஒன்னு வந்தாலும் எனக்காகக் காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. இல்லன்னா நாளைக்கு எட்டு மணிக்கு இங்க வாங்க."

மங்களம் கோபத்தோடு எழுந்து போனார்.

புதன்கிழமை எட்டு மணிக்கு அவர் வரவில்லை. ஒன்பதுக்குக் கலாதேவி போன் போட்டார், அணைத்திருந்தது. பத்துக்கும் அப்படியே. பார்க்க வந்த ஒரு கிழவரிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டார். பன்னிரண்டரைக்குக் காரை எடுத்துக்கொண்டு தாமானுக்குப் போனபோது மங்களத்தின் கேட் பூட்டியிருந்தது. பாப்பா என்ற பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்தார்.

"காலையிலயே வயித்து வலி. டாக்டர் காத்திருக்கக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு அவங்களே மகனைக் காடி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொல்லிட்டாங்க. வாட்ல இருக்காங்க, டிரிப் ஏத்துறாங்க. நல்லா பேசுறாங்களாம் லா."

கலாதேவிக்கு நிம்மதி வரவில்லை. காரில் உட்கார்ந்த பிறகும் சாவியைத் திருப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மங்களம் பிழைத்துக்கொள்வார். நாளைக்கு இன்னொருவர் வருவார், அதற்கு மறுநாள் இன்னொருவர். இனித் தன்னால் முடியாது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

கிளினிக்குக்குத் திரும்பி, நேராக ரூபனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார். ரூபன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நான் எல்லாருக்கும் ஒன்னுமில்லன்னு சொல்றேனே, தெரிஞ்சுக்கிட்டா சொல்றேன்? அப்படிச் சொல்லலன்னா அடுத்த ஆளைக் கூப்பிடவே என்னால முடியாது," என்றார்.

கலாதேவி மூன்று வாரம் விடுப்பு எடுத்து, மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்தார். திரும்பி வந்ததும் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினமும் நாலு மணிக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து, நிச்சயமில்லாமல் அனுப்பியவர்களைப் பற்றிப் பேசுவது. போன் போடும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வது. பயம் போய்விடவில்லை. ஆனால் அதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

அவர் திரும்பிய வாரமே மங்களம் வந்தார், மெலிந்துபோயிருந்தார். நன்றி எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கே ஏன் வாட்டில் சேர்க்கவில்லை என்றுதான் கேட்டார். சேர்க்கச் சொல்லி வற்புறுத்தியிருக்கலாம், அன்றைக்கு அவ்வளவு தேவை என்று தெரியவில்லை என்றார் கலாதேவி. மங்களம் தன் மருத்துவ அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, அடுத்த பரிசோதனைக்கு என்றைக்கு வரவேண்டும் என்று கேட்டார்.