ஆத்தாவிடம் இதை வாசிக்காதே

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் செவந்திக்குப் பன்னிரண்டு வயது. ஆவூர்ப் பாதிரிச் சாமியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அந்தக் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவர் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா ஆண்டியப்பன். அதனால் கடிதம் அவள் பேருக்குத்தான் வரும். ஆத்தா ராக்காயி அடுப்பைத் தணித்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்து, “வாசி” என்பாள்.

முதலில் வந்த கடிதங்களில் பயப்பட ஒன்றும் இல்லை. ஓயாத மழை, அட்டைக்கடி, இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போவது, ஆவூர் ஞானமணியும் தானும் கூலிக்காரர்களின் வரிசை வீடான ஒரே லயத்தில் ஒரே பானையில் பொங்கித் தின்பது. இவ்வளவுதான்.

ஐப்பசியில் வந்தது வேறு மாதிரி இருந்தது.

‘மகள் செவந்திக்கு அப்பா எழுதிக்கொண்டது. ஆத்தாவிடம் இதை வாசிக்காதே. வெள்ளைக்காரனை விரட்டுகிறோம் என்று காட்டுக்குள் இருக்கிற துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். எங்களுக்குப் பேர் கூப்பிட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணியை இழுத்து மரத்தில் கட்டினார்கள். வெள்ளைக்காரனுக்குத் துப்புச் சொன்னாய் என்றார்கள். அவர் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிட்டார்கள். யாரும் கலையக்கூடாது என்று எங்களை அங்கேயே நிற்க வைத்தார்கள். பால் வடிகிற கோப்பையில் ரத்தம் வடிந்தது. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் பார்த்தவர்கள். அவர்களிடம் சொல்ல என்ன இருக்கிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.’

“என்னடி எழுதிருக்காரு?” என்றாள் ராக்காயி.

“மழையாம் ஆத்தா. பால் வெட்டு இல்லையாம். அப்பாவும் ஞானமணி மாமாவும் கருவாடு வாங்கிக் கொழம்பு வச்சாங்களாம்.”

“அம்புட்டு எழுத்துக்கும் கருவாடுதானா?”

“நலம் விசாரிச்சிருக்காரு.”

அன்றைக்குத் தொடங்கிய பொய் அதற்குப் பிறகு நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து லயத்தை வெள்ளைக்காரப் பட்டாளத்தார் கொளுத்தினார்கள். காட்டுக்காரர்களுக்கு யார் அரிசி கொடுத்தது என்று கேட்டு ஆண்டியப்பனைத் துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்ததில் முன்பற்கள் போயின. எல்லாவற்றையும் செவந்தி மழையாகவும் கருவாடாகவும் மாற்றி வாசித்தாள். வெளியே சொல்லாதது உள்ளே கிடந்து அவளைத் தின்றது. கோழி அறுத்தால் கைகால் இழுக்கும். தூக்கத்தில் யாரையோ சுடாதே சுடாதே என்பாள். புள்ளைக்குக் காத்துக்கருப்பு அண்டிவிட்டது என்று ராக்காயி பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

பூசாரி வேப்பங்குழையால் அடித்தார். “யாரு நீ, பேரச் சொல்லு” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். குழை உதிர்ந்து குச்சி முதுகில் விழத் தொடங்கியது. செவந்தி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். என்ன பேரைச் சொல்வது? கிராணி பேரை அப்பா எழுதவே இல்லை.

அடுத்த வருஷம் அறுப்பு முடிந்த சமயம் ஒரு கடிதம் வந்தது. ஞானமணியைப் பட்டாளத்தார் பிடித்துக்கொண்டு போனார்கள். ஓடப் பார்த்தான், சுட்டோம் என்றார்கள். ‘அவன் காலில் கத்தி வெட்டின புண். அவனால் ஓட முடியாது. லாரியில் கொண்டுவந்து ரோட்டோரம் போட்டு, போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வைத்தார்கள். நானும் பார்த்தேன். நீ ஆவூருக்குப் போய் அவன் சம்சாரத்திடம் சொல்லு. வேறு யார் மூலமாகவும் இது அவளுக்குப் போய்ச் சேர எனக்கு மனசில்லை.’

செவந்தி தனியாக நடந்தாள். ஞானமணியின் மனைவி சவரியம்மாள் கடலைச்செடியை உதறிக் காய் பறித்துக்கொண்டிருந்தாள். “அத்தே, எங்கப்பா காயிதம் போட்டிருக்காரு” என்று ஆரம்பித்த செவந்தி, நடுவில் எதையும் சேர்க்கத் தெரியாமல், “ஞானமணி மாமாவச் சுட்டுட்டாங்களாம்” என்றாள்.

சவரியம்மாள் எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். கடலை மண் ஒட்டிய கை. செவந்தி கீழே விழுந்தாள். அவளைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி இன்னொரு அறை. பிறகு அதே கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வாசி. ஒரு எழுத்து விடாம வாசி.”

செவந்தி வாசித்தாள். லாரி வந்தது, ரோட்டோரம் போட்டது, ஈ மொய்த்தது என்று அப்பா எழுதியிருந்ததை எல்லாம் வாசித்தாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் ஒரு கடிதத்தை அதில் இருக்கிறபடி வாய்விட்டு வாசித்தது அன்றுதான். வாசிக்க வாசிக்க அவளுக்கு மூச்சு லேசாக வந்தது. அதை உணர்ந்ததும் வெட்கமாகவும் இருந்தது.

சாவுச் செய்தி ராக்காயி காதுக்கு வர எவ்வளவு நேரமாகும்? “அந்தாளு கருவாடு வாங்குனாருன்னு போன மாசந்தானடி வாசிச்ச” என்று விளக்குமாற்றை எடுத்தாள். ஓங்கி ஓங்கி அடித்தாள். “எம் புருசன் சாவக் கெடக்கான், என்னயக் கருவாட்டுக்குச் சிரிக்க வச்சியே.” கை ஓய்ந்ததும் கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னாள். முதலிலிருந்து அத்தனையையும் கேட்டாள். அழவில்லை. கடைசியில், “பூசாரிட்ட அடி வாங்கயில இதச் சொல்லிருக்கலாம்ல” என்று மகளின் முதுகில் விளக்கெண்ணெய் தடவினாள்.

அப்புறம் கடிதங்கள் குறைந்தன. தோட்டத்துக் காவலுக்கு ஆண்டியப்பன் கையிலும் ஒரு துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள். கடைசிக் கடிதம் சின்னது. மங்கலான வெளிச்சத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் உருவம் அசைந்தது, சுட்டேன், போய்ப் பார்த்தால் அரிசி மூட்டையோடு ஒரு சீனத்துப் பெண். ‘உன் வயசு இருக்கும்.’ அதோடு நின்றுபோனது.

ஐம்பத்து மூன்றில் ஆண்டியப்பன் ஊர் வந்து சேர்ந்தார். ஒரு தகரப்பெட்டி, பல்லில்லாத வாய். எழுத்தில் ஒன்றையும் மறைக்காத மனுஷர், நேரில் வாயைத் திறக்கவில்லை. செவந்தி தண்ணீர் கொடுத்தால் செம்பைப் பார்ப்பார். அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். ராக்காயி ஒருநாள் பின்னாலிருந்து தொட்டு எழுப்பியதற்குத் திரும்பி அவள் கழுத்தைப் பிடித்துவிட்டார். செவந்திதான் விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

மாரியம்மன் திருவிழாவில் அது நடந்தது. நாகராசு என்ற வாலிபன், நல்ல உழைப்பாளி, அவர் முதுகுக்குப் பின்னால் வேட்டுப் போட்டான். ஒரு தப்பும் நினைத்துச் செய்யவில்லை; திருவிழா என்றால் வேட்டு. சத்தம் கேட்டதும் ஆண்டியப்பன் பந்தல்கால் குழி தோண்ட வைத்திருந்த கடப்பாரையை எடுத்துத் திரும்பினார். நாகராசின் வலது தோள் நொறுங்கியது. விழுந்தவன்மேல் இரண்டாவது முறை ஓங்கும்போது நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள்.

அவரைப் புளியமரத்தில் கட்டினார்கள். நாகராசின் அண்ணன்தம்பிகள் மாட்டுச்சாட்டையால் அடித்தார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சட்டை கிழிந்து தோல் கிழிந்தது. அவர் சத்தமே போடவில்லை. அது அவர்களை இன்னும் வெறியேற்றியது.

செவந்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து மரத்துக்கும் சாட்டைக்கும் நடுவில் நின்றாள். ஒரு அடி அவள் கழுத்தில் விழுந்தது.

“அடிங்க. வேணாம்னு சொல்லல. கேட்டுட்டு அடிங்க” என்றாள்.

கிராணியை மரத்தில் கட்டியதிலிருந்து ஆரம்பித்தாள். அவளுக்குக் கடிதம் தேவைப்படவில்லை. லயம் எரிந்ததை, பல் உடைந்ததை, ஞானமணியை ரோட்டோரம் போட்டதைச் சொன்னாள். அந்தச் சீனத்துப் பெண்ணிடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பின்னாலிருந்து ஆண்டியப்பனின் குரல் வந்தது. “அந்தப் புள்ளயையும் சொல்லு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். ரத்தத்துக்கு நடுவே அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னாள்.

சாட்டை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டுத் தம்பியை வண்டியில் ஏற்றப் போனான். கயிற்றை ராக்காயி அவிழ்த்தாள்.

நாகராசின் தோள் குணமாகும்வரை அவன் வயலை ஆண்டியப்பன் உழுது கொடுக்க வேண்டும் என்று ஊரில் முடிவானது. தோள் குணமாகவே இல்லை. அவரும் உழவை நிறுத்தவில்லை. செவந்தி கொடும்பாளூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய், பிள்ளை பெற்று, வரப்போக இருந்தாள். திருவிழாவுக்கு முந்தின நாளே வந்து அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அங்கே அவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சம் பேசினார். மலாயாவைப் பற்றி இல்லை; மாடு, மழை, அவ்வளவுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

அறுபத்திரண்டில் நாகராசின் வயலில் ஏரைப் பிடித்தபடியே நெஞ்சடைத்துச் செத்தார். எடுத்த அன்றைக்கு நாகராசு வரவில்லை. பதினாறாம் நாள் வந்தான். இலையில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டான். கை கழுவ செவந்தி தண்ணீர் ஊற்றினாள்.

“மனுசன் நல்லா உழுதாரு. நான் உழுதிருந்தா அப்படி இருக்காது” என்றான். கொஞ்சம் நின்று, “ஆனா மழைக்கு மழை தோளு உயிர் போகுது. அதையும் சொல்லணும்ல” என்றான்.

“சொல்லத்தான்ணே வேணும்” என்றாள் செவந்தி.